குளத்து மீனும் மாறும் காலநிலையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை. இங்கே நன்னீர் மீனைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை என்பது உண்மைதான். தெல்லிப்பழைப் பக்கம் தொடங்கி அராலியில் கடனீரேரியைச் சேரும் வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஓடுகிறது. ஆனால் ஊருக்கு ஊர் குளங்களும் கேணிகளும் தாமரைத் தடாகங்களும் உள்ளன. ஆனையிறவைத் தாண்டினால் கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய இரணைமடுவும், முத்தையன்கட்டும், வவுனிக்குளமும், மன்னாரின் கட்டுக்கரைக் குளமும் இருக்கின்றன. கடல் கொந்தளிக்கும் நாட்களில் யாழ்ப்பாணத்துச் சந்தைக்கு வரும் குளத்து மீனில் பெரும்பங்கு இந்த வன்னிக் குளங்களிலிருந்து வருவதே. ஆகவே இந்தப் பக்கத்தில் "நம் குளங்கள்" என்று வரும் இடங்களில் குடாநாட்டையும் வன்னியையும் சேர்த்தே பொருள் கொள்ள வேண்டும்.

தண்ணீர் சூடானால் மீன் விரைவாக வளரும் என்கிறார்களே, அது சரியா?

ஓர் எல்லை வரைக்கும் சரி. மீன் தன் உடல் வெப்பத்தைத் தானே நிலைநிறுத்திக்கொள்ளும் உயிரினம் அல்ல. சுற்றியுள்ள நீரின் வெப்பநிலையே ஏறத்தாழ அதன் உடலின் வெப்பநிலையாகவும் இருக்கிறது. நீர் 10 பாகை சூடேறினால் அதன் உடலுக்குள் நடக்கும் வேதிவினைகளின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது உயிரியலாளர்களின் பொதுக் கணக்கு. பசி கூடும், செரிமானம் விரைவுபடும், உணவும் ஒட்சிசனும் தாராளமாகக் கிடைக்குமிடத்து வளர்ச்சியும் கூடும். குளிர்நாட்டு ஏரிகளில் சில இனங்கள் அண்மைக் காலத்தில் முன்னைவிட வேகமாக வளர்வதற்கு இதுவே காரணம்.

ஆனால் ஒவ்வோர் இனத்துக்கும் ஓர் உச்சி உண்டு. திலாப்பியாவுக்கு 28 முதல் 32 பாகை செல்சியஸ் வரை மிகவும் உகந்தது. நம் குளங்கள் ஏற்கெனவே அந்த எல்லைக்குள்தான் இருக்கின்றன. ஆழம் குறைந்த குளமொன்றின் மேல்நீர் சித்திரை, வைகாசி வெயிலில் அதையும் தாண்டிவிடும். உச்சியைக் கடந்த பிறகு நிலைமை தலைகீழாகிறது. உயிரைத் தாங்குவதற்கு மட்டும் செலவாகும் சக்தி ஏறிக்கொண்டே போகும். தின்னும் அளவோ குறையத் தொடங்கும். வளர்ச்சிக்கென்று மிஞ்சுவது சுருங்கும். குளிர்நாட்டு மீனுக்கு இரண்டு பாகை வெப்ப உயர்வு சில வேளை இலாபமாக இருக்கலாம். உச்சியிலேயே நிற்கும் நம் மீனுக்கு அந்த இரண்டு பாகையும் நட்டக்கணக்கில்தான் சேரும்.

விடியப்புறத்தில் மீன்கள் நீரின் மேலே வந்து வாயைத் திறந்து மூடுவது ஏன்?

மூச்சுத் திணறுவதால்தான். கடல் மட்டத்தில் 20 பாகை வெப்பத்தில் ஒரு லீற்றர் நன்னீரில் ஏறத்தாழ 9.1 மில்லிகிராம் ஒட்சிசன் கரைந்திருக்க முடியும். 30 பாகையில் அது 7.6 மில்லிகிராமாகவும் 35 பாகையில் ஏறத்தாழ 7 மில்லிகிராமாகவும் குறைகிறது. நீர் சூடாக ஆக அதில் கரையும் ஒட்சிசன் குறைய, மீனுக்குத் தேவைப்படும் ஒட்சிசனோ கூடுகிறது என்பதே இதிலுள்ள இடி.

பச்சை பிடித்த குளங்களில் இது இரவில் கடுமையாகும். பகலில் பாசி ஒட்சிசனை உண்டாக்கும். சூரியன் விழுந்ததும் அதே பாசியும், அடிச்சேற்றிலுள்ள நுண்ணுயிர்களும், மீன்களும் சேர்ந்து அதனைச் செலவழிக்கும். ஆகவே இருபத்துநான்கு மணி நேரத்தில் ஒட்சிசன் மிகக் கீழே இருப்பது பொழுது புலர்வதற்குச் சற்று முன்னர்தான். அந்த நேரத்தில் குளக்கட்டில் நின்று பார்த்தால் அலைகரை ஓரமாக மீன்கள் தலையைச் சற்று உயர்த்தி, நீரும் காற்றும் தொடும் மெல்லிய படலத்தை உறிஞ்சிக்கொண்டிருப்பது தெரியும். கல்லெறிந்தால் உள்ளே போகும். சிறிது நேரத்தில் திரும்பவும் மேலே வந்துவிடும். வெயில் ஏறியதும் காட்சி மறைந்துவிடுவதால், காலை ஒன்பது மணிக்கு வந்து பார்ப்பவர் குளம் நலமாக இருக்கிறது என்று எண்ணிப் போய்விடுவார். ஒட்சிசன் 3 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கும் இரவுகள் தொடர்ந்தால் திலாப்பியாகூட வளர்ச்சியில் தளரும். கட்லா, ரோகு போன்ற கார்ப் இனங்கள் அதற்கு முன்னரே வாடத் தொடங்கிவிடும்.

குடாநாட்டுச் சுண்ணக்கல் நிலத்துக்குரிய இன்னொரு சங்கடமும் உண்டு. மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியாவில் நச்சுத்தன்மை மிகுந்த பகுதி, நீரின் காரத்தன்மையோடும் வெப்பத்தோடும் கூடுகிறது. காரத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 8 ஆக உள்ள நீரில் 25 பாகையில் மொத்த அமோனியாவில் ஏறத்தாழ 5 சதவீதமாக இருக்கும் அப்பகுதி, 30 பாகையில் ஏறத்தாழ 7.5 சதவீதமாகிறது. சுண்ணக்கல் நீர் இயல்பிலேயே காரச் சார்பு உடையது.

நீண்ட வெயிலுக்குப் பிறகு பெய்யும் முதல் பெருமழையில் மீன்கள் செத்து மிதக்கின்றனவே, மழைநீரில் நஞ்சா?

பெரும்பாலும் இல்லை. காற்றில்லாத வெயில் நாட்களில் குளத்தின் மேல்நீர் சூடாகி இலேசாகி, கீழே குளிர்ந்த, ஒட்சிசனற்ற நீரின் மேல் தனிப்படையாக நிற்கும். திடீரென விழும் குளிர்ந்த மழை அந்தப் படையைக் கலைத்து அடிநீரை மேலே கொண்டுவரும். அதோடு கரையில் சேர்ந்து கிடந்த சாணமும் சருகும் அடித்து வரப்பட்டு, அவை அழுகுவதற்கும் ஒட்சிசன் செலவாகும். ஓரிரவில் குளம் முழுவதும் மூச்சடைத்துப்போகும். கோடை நீள நீள, அதற்குப் பின் வரும் மழை ஒரே தடவையில் கொட்டக் கொட்ட, இவ்வகைச் சாவுகளுக்கு வாய்ப்பும் கூடும். வயல்களில் அடித்த பூச்சிமருந்து கழுவப்பட்டு வந்து மீன் சாவதும் உண்டு. ஆகையால் நீரைச் சோதிக்காமல் காரணத்தை உறுதியாகச் சொல்வது சரியன்று.

மீன்கள் சிறுத்துவருகின்றன என்பது உண்மையா?

வெப்பமான சூழலில் வளரும் குளிர்குருதி உயிரினங்கள் விரைவில் முதிர்ந்து சிறிய உடலோடு நின்றுவிடும் போக்கு நெடுநாளாக அறியப்பட்டது. மீனில் இதற்கு என்ன காரணம் என்பதில்தான் வழக்கு. உடலின் கனவளவு பெருகும் வேகத்துக்குச் செவுளின் பரப்புப் பெருக முடியாது, ஆகவே பெரிய மீனுக்குச் சூடான நீரில் ஒட்சிசன் போதாது என்பது கடலுயிரியலாளர் டானியல் போலியின் விளக்கம். செவுள் உடலின் தேவைக்கேற்ப வளரக்கூடியதே என்று உடற்றொழிலியலாளர் பலர் அதனை மறுக்கிறார்கள். எந்த விளக்கம் வென்றாலும், பெரிய மீன்தான் வெப்பத்தில் முதலில் தடுமாறுகிறது என்று காட்டும் ஆய்வுகள் உண்டு.

நம் குளங்களில் பிடிபடும் மீன் சிறுத்திருந்தால் அதற்குக் காலநிலையை மட்டும் குற்றஞ்சாட்டுவது அவசரம் என்பது என் கருத்து. திலாப்பியா, இடநெருக்கடியும் உணவுத் தட்டுப்பாடும் வந்தால், உள்ளங்கை அளவிலேயே முதிர்ந்து முட்டையிடத் தொடங்கிவிடும். வலையின் கண் அளவும் முக்கியம். இலங்கையின் நன்னீர்த் தேக்கங்களில் செவுள் வலைக்கு 8.5 சென்றிமீற்றருக்குக் குறைந்த கண் கூடாது என்பது விதி. அது மீறப்படும் குளத்தில் பெரிய மீனை எங்கே தேடுவது?

முட்டைக்கும் குஞ்சுக்கும் வெப்பத்தால் என்ன நேர்கிறது?

முழு வளர்ச்சி பெற்ற மீன் தாங்கும் வெப்பத்தை அதன் கருவும், சினைப் பருவத்திலுள்ள தாயும் தாங்குவதில்லை. கடலிலும் நன்னீரிலும் வாழும் 694 மீனினங்களை ஒப்பிட்டு 2020இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, வெப்ப உயர்வு கட்டுக்கு மீறினால் 2100ஆம் ஆண்டளவில் 60 சதவீதம் வரையான இனங்களுக்கு அவை இனப்பெருக்கம் செய்யுமிடத்து நீர் தாங்க முடியாத சூடாகிவிடக்கூடும் என்றும், உயர்வு 1.5 பாகைக்குள் நின்றால் அது ஏறத்தாழ 10 சதவீதத்தோடு நிற்கும் என்றும் கண்டது. நைல் திலாப்பியாவில் வேறொரு விசித்திரமும் உண்டு: குஞ்சுப் பருவத்தின் தொடக்கத்தில் 36 பாகையளவு சூட்டில் இருந்தால் அவற்றில் ஆண் மீன்களின் விகிதம் கூடுகிறது. ஆண் மீன் பெரிதாக வளரும் என்பதால் பண்ணைக்காரருக்கு இது தீமையாகத் தோன்றாது. தானாகப் பெருகவேண்டிய குளத்தில் நிலைமை வேறு.

மழை பிந்தினாலோ தவறினாலோ மீன் உற்பத்தி எப்படிப் பாதிக்கப்படுகிறது?

வடபகுதியைப் பொறுத்தவரை முதலிடம் பெற வேண்டிய கேள்வி இதுதான். வெப்பமானியைவிடக் குளத்தின் நீர்மட்டக் கம்பமே இங்கே மீனின் விதியை அதிகம் தீர்மானிக்கிறது.

நமக்கு ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையிலான குறுகிய காலத்தில் விழுந்துவிடுகிறது. சிறு குளங்கள் அந்த மழையில் நிரம்பி, ஏழெட்டு மாதங்கள் நீரை வைத்திருந்து, ஆவணி, புரட்டாதியளவில் வற்றிவிடும். இந்த வற்றும் குளங்களை நம்பித்தான் பருவகால மீன்வளர்ப்பு நடைபெறுகிறது: குளம் நிரம்பியதும் விரலளவு குஞ்சுகள் விடப்படும், அவை குளத்தின் இயற்கை உணவையே தின்று வளரும், நீர் இறங்கும்போது ஒட்டுமொத்தமாகப் பிடிக்கப்படும். கட்லா, ரோகு, மிரிகால், சாதாரண கார்ப், திலாப்பியா, நன்னீர் இறால் ஆகியன இவ்வாறு விடப்படுகின்றன. இவற்றுள் கட்லா, ரோகு, மிரிகால் ஆகிய இந்தியப் பெருங்கார்ப்புகள் தேங்கிய குளத்தில் இனம்பெருக்குவதில்லை. அவற்றின் குஞ்சுகளைப் பொரிப்பகங்களில் ஓமோன் ஊசி ஏற்றி உண்டாக்கவேண்டியுள்ளது. 1999இல் செயற்படத் தொடங்கிய, நக்டா என்று அழைக்கப்படும் அரச நீருயிரின வளர்ப்பு அதிகாரசபை இந்தக் குஞ்சு விநியோகத்தில் முதன்மையான பங்கு வகிக்கிறது.

இப்போது மழை ஒரு மாதம் பிந்துகிறது என்று வைத்துக்கொள்வோம். பொரிப்பகத்தில் குஞ்சு தயார். குளத்தில் நீர் இல்லை. குஞ்சைத் தொட்டியில் நெடுநாள் வைத்தால் சாவும் செலவும் கூடும். குளம் தை மாதத்தில்தான் நிரம்பி, கோடை வழமைக்கு முன்னரே கடுமையாகி ஆனியிலேயே வற்றத் தொடங்கினால், எட்டு மாத வளர்ச்சிக் காலம் ஐந்தாகக் குறைந்துவிடும். கார்ப் தன் எடையின் பெரும்பகுதியைப் பின்மாதங்களில்தான் போடும் என்பதால், மூன்று மாதம் குறைந்தால் மூன்று மாத எடை மட்டும் குறையும் என்று கணக்கிடக் கூடாது. சந்தைக்குப் போகாத அளவு மீன்தான் மிஞ்சும். வயலுக்கு நீர் திறக்கும் துருசுக் கதவும் இந்தக் கணக்கில் சேர்ந்ததே. வறண்ட ஆண்டில் நெல்லுக்கும் மீனுக்கும் நடுவே தீர்ப்புச் சொல்லவேண்டி வரும்போது நெல்லே வெல்லும். அது நியாயமும்கூட.

2016, 2017 ஆண்டுகளில் இலங்கை பல தசாப்தங்களில் கண்டிராத வறட்சியை அனுபவித்தது. அத்தகைய ஆண்டில் குளத்தில் மிஞ்சும் தாய்மீன்களும் அழிந்துபோவதால், நட்டம் அந்த ஆண்டோடு நின்றுவிடுவதில்லை.

ஆனால் வறட்சியில்தான் மீன் கூடுதலாகப் பிடிபடுகிறது. இது முரண்பாடு அல்லவா?

இல்லை. நீர் சுருங்கும்போது அதே மீன்கள் சிறிய இடத்துக்குள் நெருங்குகின்றன. வலை வீசுபவருக்கும் நீர்க்காகத்துக்கும் கூழைக்கடாவுக்கும் ஒரேயளவு வசதி. அந்த மாதங்களின் பிடியைப் பார்த்து மீன்வளம் பெருகிவிட்டது என்று எண்ணுவது, வட்டியோடு முதலையும் எடுத்துச் செலவழித்துவிட்டு வருமானம் கூடியதென்று மகிழ்வதற்கு ஒப்பாகும்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். நீர்மட்டம் ஏறி இறங்குவது முழுக்கத் தீமையன்று. நீர் வடிந்த கரையில் புல் முளைக்கும், மாடுகள் மேயும், சாணம் சேரும். மாரியில் நீர் திரும்ப ஏறும்போது அவையெல்லாம் உரமாகிப் பாசியும் நுண்ணுயிரும் பெருகும். வறண்ட வலயக் குளங்கள் மீன்வளம் மிக்கவையாக இருப்பதற்கு இந்த ஏற்ற இறக்கமும் ஒரு காரணம். அது எப்போது நிகழும் என்று முன்போல் கணிக்க முடியாமற் போவதே புதிய சிக்கல்.

வெள்ளம் வந்தால் மீனுக்கு நல்லதுதானே?

அளவான வெள்ளம் நல்லது. கெண்டை இனங்கள் பல, மழைநீர் புதிதாக வரும் வாய்க்கால்களில் எதிரேறிச் சென்று முட்டையிடும். ஆனால் 2008 நவம்பரில் நிஷா சூறாவளியின்போதும், 2018 டிசம்பரில் கிளிநொச்சி வெள்ளத்தின்போதும் கண்டதுபோல ஒரே சில நாட்களில் கொட்டும் மழையில் குளங்கள் நிரம்பி வழிந்து வான் பாயும்; அப்போது விடப்பட்ட குஞ்சுகளும் பெரிய மீன்களும் வெள்ளத்தோடு வெளியேறிவிடும். வான் பாயுமிடத்தில் ஊரே கூடி மீன் பிடிப்பது மகிழ்ச்சியான காட்சிதான். அந்த மீனுக்காகக் காத்திருந்த சங்கத்துக்கு அது அவ்வாண்டின் விளைச்சல். குஞ்சு விடும் பருவமும் சூறாவளிப் பருவமும் ஒரே மாதங்களில் வருவதைத் தவிர்க்க வழியில்லை.

எந்த மீன்கள் தாக்குப்பிடிக்கும்?

விராலும் பனையேறிக் கெண்டையும் சுங்கானும் காற்றை நேரே சுவாசிக்கக்கூடியவை. ஒட்சிசன் தீர்ந்த நீரிலும் அவை பிழைக்கும். குளம் வற்றினால் ஈரச் சேற்றுக்குள் சில காலம் உயிரோடு கிடக்கும். 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட மொசாம்பிக் திலாப்பியா, வெப்பத்தையும் உப்பையும் ஒருங்கே தாங்குவதோடு முட்டைகளையும் குஞ்சுகளையும் வாய்க்குள் வைத்துக் காப்பதால் நீர்மட்ட மாற்றம் அதனை அவ்வளவாகத் தாக்குவதில்லை. கரையோரப் புல்லில் முட்டையை ஒட்டிவிட்டுப் போகும் மீன்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆகவே நம் குளங்கள் மீனற்றுப் போகும் என்று நான் கருதவில்லை. இனங்கள் குறைந்து, திலாப்பியாவும் சேற்றைத் தாங்கும் சிலவுமே எஞ்சும் குளங்களாக அவை மாறுவதற்கே வாய்ப்பு அதிகம். இலங்கையின் உள்நாட்டு நன்னீர் மீனினங்களில் பாதிக்கு மேற்பட்டவை உலகில் வேறெங்கும் இல்லாதவை; அவற்றுட் பெரும்பாலானவை தென்மேற்கின் ஈரவலய ஓடைகளில் வாழ்கின்றன. நிழலும் குளிர்ச்சியும் குறைந்தால் அவற்றுக்கு ஒதுங்க இடமில்லை.

கடல் மட்டம் உயர்வது குளத்து மீனை எப்படித் தொடும்?

குடாநாட்டில் நன்னீர், சுண்ணக்கல்லுக்குள் உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே 1 மீற்றர் நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் ஆழம்வரை நன்னீர் இருக்கும் என்பது எளிய கணக்கு. மேல்மட்டம் சிறிது இறங்கினாலும் உவர்நீர் பலமடங்கு மேலே ஏறும் என்பது அதன் மறுபொருள். 1901 முதல் 2018 வரை உலகக் கடல் மட்டம் ஏறத்தாழ 20 சென்றிமீற்றர் உயர்ந்துள்ளது. எனினும் இன்றுவரை நம் கிணறுகளை உவராக்கியதில் அதைவிட மோட்டார் இறைப்பின் பங்கே பெரிது. உப்பு ஏறும் குளத்தில் கார்ப்புகள் வளர்ச்சி குன்றும், திலாப்பியா சமாளிக்கும். கடல்நீரைத் தடுப்பதற்கெனத் தொண்டைமானாற்றில் கட்டப்பட்டது போன்ற தடுப்பணைகளின் பராமரிப்பு இவ்வகையில் மீனோடும் தொடர்புடையதே.

உலகின் பிற இடங்களில் என்ன நடக்கிறது?

1985 முதல் 2009 வரை 235 ஏரிகளை ஆராய்ந்ததில் கோடைக்கால மேல்நீர் பத்தாண்டுக்குச் சராசரியாக 0.34 பாகை சூடேறியிருந்தது. ஆபிரிக்காவின் தங்கனீக்கா ஏரியில் வெப்பத்தால் மேல்நீரும் அடிநீரும் கலப்பது குறைந்து, அடியிலுள்ள ஊட்டம் மேலே வராமல், மீன் விளைச்சல் ஏறத்தாழ 30 சதவீதம் சரிந்திருக்கலாம் என 2003இல் மதிப்பிடப்பட்டது. அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களைப் பதியும் செந்நிறப் பட்டியலுக்காக 2023இல் வெளியான மதிப்பீட்டின்படி, ஆராயப்பட்ட 14,898 நன்னீர் மீனினங்களில் நான்கில் ஒன்று அழியும் ஆபத்தில் உள்ளது. ஆபத்திலுள்ளவற்றில் 17 சதவீதத்தைக் காலநிலை மாற்றம் பாதிக்கிறது. மாசும் அணைகளும் அந்நிய இனங்களும் மிகையான பிடியும் மற்றக் காரணங்கள்.

மீன்பிடிச் சங்கங்கள் இப்போதே செய்யக்கூடியவை எவை?

குஞ்சு விடுவதை நாட்காட்டியை வைத்துத் தீர்மானிக்காமல் நீர்மட்டத்தை வைத்துத் தீர்மானிக்கலாம். மழை பிந்திய ஆண்டில் சிறு குஞ்சுக்குப் பதிலாகப் பெரிய குஞ்சை, எண்ணிக்கையைக் குறைத்து விட்டால் குறுகிய காலத்திலும் விற்கத்தக்க எடை வரும். அதற்கு ஊரிலேயே சிறு வளர்ப்புக் குட்டைகள் தேவை. குளத்தின் நடுவே ஒரு பகுதியை ஆழமாக்கி, கோடையில் அவ்விடத்தில் வலை போடுவதில்லை என்று ஒப்புக்கொண்டால் தாய்மீன்கள் தப்பும். வான் பாயும் வாயில் சட்டமிட்ட வலை வைப்பதால் ஓரளவு மீனைத் தடுக்கலாம். அதில் குப்பை அடைத்துக் குளக்கட்டுக்கே ஆபத்து வராதபடி ஒருவர் நின்று துப்புரவாக்கவேண்டும், நீர்ப்பாசனத் திணைக்களத்தின் சம்மதமும் வேண்டும். ஆகாயத்தாமரை, சல்வீனியா ஆகிய மிதக்கும் களைகள் மூடிய குளத்தில் வேறெந்த வேலைக்கும் முன்னர் அவற்றை அகற்றுவதே நல்லது. விடியப்புறத்தில் மீன் மேலே வந்தால் அன்றைக்கு உணவோ உரமோ போடாமல், மோட்டாரால் நீரை இறைத்து மேலிருந்து விழவிடுவது உடனடி முதலுதவி.

வீட்டுக் கிணற்றில் நுளம்புக் குடம்பிக்காக விட்ட மீனும் வெப்பத்தால் பாதிக்கப்படுமா?

ஆழமான கிணற்றில் நீர் நிழலில் இருப்பதால் வெப்பம் அதிகம் மாறுவதில்லை. பொதுவாகப் பாதிப்பு இராது. திறந்த சீமெந்துத் தொட்டியில் விட்ட கப்பிகளுக்கு நண்பகலில் நிழல் தேவை. குளோரீன் இட்ட அன்று மீனை வேறு பாத்திரத்தில் எடுத்து வைக்கவேண்டும். பெருகிவிட்ட கப்பிகளைக் குளத்தில் கொண்டுபோய் விடாதீர்கள். அங்குள்ள சிறு மீன்களுக்கு அவை போட்டியாகும்.